ஊர் திரும்பும் எண்ணத்திலிருந்து குடியுரிமைக்கு: தமிழவேள் கோ. சாரங்கபாணியின் வாழ்க்கை

1957ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தீவின் குடிமக்களாகப் பெயரைப் பதிந்துகொள்வதா, அல்லது என்றாவது ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று முன்போலவே இருந்துவிடுவதா என்பதே அந்த முடிவு. பலருக்கு அது எளிதாக இல்லை. பெற்றோர், நிலம், குலதெய்வம் எல்லாம் கடலுக்கு அப்பால் இருந்தன. பிழைப்பும் பிள்ளைகளும் இங்கே இருந்தனர்.

பதிந்துகொள்ளுங்கள் என்று அவர்களை விடாமல் வலியுறுத்திய குரல்களில் உரத்தது கோ. சாரங்கபாணியின் குரல். தமிழ் முரசு நாளிதழை நிறுவியவர், தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடியவர் என்று அவரைப் பலரும் அறிவார்கள். இந்தப் பணிகள் அனைத்துக்கும் அடியில் ஓடியது ஒரே எண்ணம்தான். பிழைக்க வந்த மக்கள் வந்த இடத்தையே சொந்த இடமாக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அவர்களுடைய மொழிக்கும் அங்கே நிலையான இடம் கிடைக்கும் என்பதே அது.

திருவாரூரிலிருந்து சிங்கப்பூருக்கு

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி தஞ்சை மண்ணின் திருவாரூரில் பிறந்தார். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்றார். 1924இல், 21 வயதில் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். இங்கே அவருக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் ஆயிரக்கணக்கானோரை மலாயாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. கங்காணிகள் சொந்த ஊரிலேயே ஆள்சேர்த்து ரப்பர் தோட்டங்களுக்கு அழைத்துவந்தார்கள். அந்தத் தொழிலாளர்களின் பயணச் செலவை, தோட்ட முதலாளிகளின் பங்களிப்பில் 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடிநுழைவு நிதி ஏற்றது. சொந்தச் செலவில் வந்தவர்களும் பலர். கணக்கர்கள், கடைக்காரர்கள், வட்டித்தொழில் செய்தவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் சிங்கப்பூரில் குவிந்தார்கள்.

வந்தவர்களில் ஆண்களே பல மடங்கு அதிகம். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, சில ஆண்டுகள் உழைத்து, பணம் அனுப்பி, கடனை அடைத்து, காணி வாங்கித் திரும்புவது என்பதே பெரும்பாலோரின் கணக்கு. இந்த நிலையில் வாழ்கிறவர் தாம் வசிக்கும் இடத்தில் அதிகம் ஒட்டமாட்டார். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது, நகராண்மைக் கழகம் என்ன செய்கிறது, சட்டமன்றத்தில் யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையற்றவை. அவருடைய கண் எப்போதும் அடுத்த கப்பலின் மேல் இருக்கும்.

சிங்கப்பூர்த் தமிழர்களும் அப்போது ஒரே சமூகமாக இல்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார்கள் வட்டித்தொழில் செய்தார்கள். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்களும் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களும் வாழ்ந்தார்கள். சிராங்கூன் சாலையைச் சுற்றிக் கடைக்காரர்களும் நகராண்மைக் கழகத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பின்னாளில் செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றியும் ஒரு பெரிய குடியிருப்பு உருவானது. ஊர், சாதி, சமயம் என்ற கோடுகள் கப்பலில் கூடவே வந்திருந்தன. ஊரில் இருந்த ஏற்றத்தாழ்வு கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் தொடர்ந்தது.

சீர்திருத்தமும் முரசும்

சாரங்கபாணி முதலில் எதிர்த்தது இந்தக் கோடுகளைத்தான். தமிழகத்தில் சுயமரியாதை இயக்கம் வேகமெடுத்திருந்த காலம் அது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து, பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் முதலிய இடங்களில் பேசினார். அந்தப் பயணம் இங்குள்ள இளைஞர்களிடம் பெரிய அதிர்வை ஏற்படுத்தியது. சாரங்கபாணி அதே ஆண்டில் முன்னேற்றம் என்ற இதழின் பணியில் ஈடுபட்டு எழுதத் தொடங்கினார்.

1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணிச் செயல்வீரர்களில் ஒருவராக அவர் விளங்கினார். சாதி வேறுபாடு, கள்ளுக்குடி, ஆடம்பரத் திருமணம், அலகு குத்துதல், தீமிதி ஆகியவற்றைச் சங்கம் எதிர்த்தது. பக்தர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. காவடியும் தீமிதியும் தங்கள் நம்பிக்கையின் உயிர்நாடி என்று கருதியவர்கள் அவருடன் கடுமையாக மோதினார்கள். அந்த வழக்கங்கள் இன்றும் தொடர்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். அந்த விவாதத்தில் அவர் முழு வெற்றி பெறவில்லை. ஆனால், சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடத்தில் ஒதுக்குவது வெட்கத்துக்குரியது என்ற உணர்வை வளர்த்ததில் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசு வெளிவந்தது. வார இதழாகத் தொடங்கிய அது சில ஆண்டுகளில் நாளிதழாக வளர்ந்தது. சீர்திருத்தக் கருத்துகளை ஆங்கிலம் படித்த இந்தியர்களிடம் கொண்டுசேர்க்க ரிஃபார்ம் என்ற ஆங்கில இதழையும் சாரங்கபாணி நடத்தினார்.

வெளிநாட்டில் வாழும் ஒரு சமூகத்துக்குத் தாய்மொழிச் செய்தித்தாள் இரண்டு வேலைகளைச் செய்யும். ஊர்ச் செய்தியைக் கொண்டுவந்து ஏக்கத்தைத் தணிப்பது ஒன்று. அடுத்த தெருவில் வாழும் தன் இனத்தாரைப் பற்றிச் சொல்லி, நாம் என்ற உணர்வை வளர்ப்பது மற்றொன்று. முரசு இரண்டையும் செய்தது. ஆனால் இரண்டாவதில்தான் அதன் தனித்தன்மை இருந்தது. தஞ்சோங் பகாரில் நடந்த கூட்டத்தை ஜோகூர் தோட்டத்தில் இருந்தவர் படித்தார். தோட்டத்துக் கூலிப் பிரச்சினையைச் சிராங்கூன் சாலைக் கடைக்காரர் தெரிந்துகொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டினார்கள். தனித்தனிக் கூட்டங்களாக இருந்தவர்கள் மெல்ல மெல்ல மலாயாத் தமிழர் என்ற ஒரே பெயரில் தங்களை நினைக்கத் தொடங்கினார்கள்.

வீட்டிலும் ஒரு மாற்றம்

1937இல் சாரங்கபாணி திருமணம் செய்துகொண்டார். மணமகள் லிம் பூன் நியோ, பெரானாக்கான் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊருக்குப் போய்ப் பெண் பார்த்து, சாதிக்குள் மணமுடித்துத் திரும்பும் வழக்கம் ஊறியிருந்த காலத்தில் இது சாதாரணச் செயல் அல்ல. மேடையில் கலப்பு மணத்தை ஆதரித்தவர்களில் எத்தனை பேர் அதைத் தம் வீட்டில் செய்தார்கள் என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பல தலைமுறைகளாக இந்த மண்ணில் வேரூன்றி, சீன மரபையும் மலாய் வழக்கத்தையும் இணைத்து வாழ்ந்தவர்கள் பெரானாக்கான்கள். வந்த இடத்தில் கலந்து வாழ்ந்தபடியே தங்களுக்கென ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. அந்தக் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர்தான் தமிழுக்காக வாழ்நாள் முழுவதும் போராடினார். தமிழராக இருப்பது இரத்தக் கலப்பின்மையைப் பொறுத்தது அல்ல, மொழியையும் பண்பாட்டையும் பேணுவதைப் பொறுத்தது என்பதை அவருடைய வாழ்க்கையே எடுத்துக்காட்டியது.

கப்பல் நின்றபோது

1938இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ரப்பர் விலை வீழ்ச்சியைக் காரணம் காட்டித் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்ததை அடுத்து, உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தது. ஆள்சேர்ப்பின் பெருவெள்ளம் அதோடு அடங்கியது. இனி இங்கே இருப்பவர்களும் இங்கே பிறப்பவர்களும்தான் சமூகத்தின் அடித்தளம் என்ற நிலை உருவானது.

1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றினர். முரசு நின்றது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்றபோது, இந்தியாவையே பார்த்திராத தோட்டத்துப் பிள்ளைகள்கூட அதன் விடுதலைக்காகப் படையில் சேர்ந்தார்கள். மலாயாத் தமிழரின் மனம் தாய்நாட்டுடன் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

போர் முடிந்ததும் முரசு மீண்டும் வந்தது. 1946இல் இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளிதழையும் சாரங்கபாணி தொடங்கினார். 1947இல் இந்தியா விடுதலை பெற்றது. எங்கும் கொண்டாட்டம். ஆனால் அந்த விடுதலை இங்கிருந்தவர்களுக்குப் புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. அதுவரை இந்தியாவும் மலாயாவும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தன. போவதும் வருவதும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அவை வெவ்வேறு நாடுகளாயின. வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்பவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது என்று 1950இல் நடப்புக்கு வந்த இந்திய அரசமைப்பு சொன்னது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் இங்கும் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் இறுகின. இரண்டு படகில் கால் வைக்கும் காலம் முடிந்துவிட்டது.

எல்லாத் தமிழர்க்கும் ஒரு திருநாள்

சட்டம் மாறினால் மட்டும் மனம் மாறிவிடாது. மக்களை ஒன்றுசேர்க்க ஒரு பொது மேடை வேண்டும் என்று சாரங்கபாணி கருதினார். சிதறிக்கிடந்த தமிழர் சங்கங்களை இணைத்து 1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1952 ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது.

இந்துக்களுக்குத் தீபாவளியும் தைப்பூசமும், முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாளும், கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமசும் இருந்தன. மூவரும் தமிழர் என்ற பெயரில் ஒரே பந்தலின்கீழ் உட்கார ஒரு நாள் இல்லை. தமிழர் திருநாள் அந்தக் குறையைத் தீர்த்தது. பேச்சு, கவிதை, கட்டுரைப் போட்டிகள், நாடகம், விளையாட்டு என்று அது மலாயா முழுவதும் பரவியது. சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் பிள்ளைகள் தமிழில் பேச மேடையேறினார்கள். எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் தமிழர் என்று மட்டும் கேட்கும் ஒரு விழா அவர்களுக்குக் கிடைத்தது.

அதே காலத்தில் முரசின் மாணவர் மணிமன்றம் இளம் எழுத்தாளர்களை வளர்த்தது. தமிழகத்து நதிகளையும் வயல்களையும் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்கள், ரப்பர் மரத்தையும் கம்பத்தையும் துறைமுகத்தையும் எழுதத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் இங்கு பேர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அந்த மன்றத்திலிருந்து வந்தவர்களே.

பல்கலைக்கழகத்தில் தமிழ்

அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, எந்த மொழிக்கு அதில் முதன்மை என்ற கேள்வி வந்தது. சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் யோசனை முன்வைக்கப்பட்டது. சாரங்கபாணி அதை எதிர்த்தார். இந்நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் உழைப்பாளிகளும் பேசும் மொழிக்குத்தான் இங்கே துறை வேண்டும் என்று முரசின் வழியாக இயக்கம் நடத்தினார். உள்ளூர் உண்மையை அடிப்படையாகக் கொண்ட வாதம் அது.

வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. துறைக்கான தமிழ் நூலகத்துக்குப் பணம் திரட்ட, தமிழ் எங்கள் உயிர் என்ற நிதியைத் தொடங்கினார். துறைமுகத் தொழிலாளி, தோட்டத்துப் பால்மரம் வெட்டுபவர், நகராண்மைக் கழகத் துப்புரவாளர் எனப் பலரும் தங்களால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள் அதன் நூலகத்துக்குப் பங்களித்தார்கள். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தமிழை முதன்மையாகக் கொண்டு அமைந்தது. பின்னர் அது கோலாலம்பூரில் தொடர்ந்து வளர்ந்தது.

ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டிய காசிலிருந்து ஒரு பகுதியை இங்குள்ள நிறுவனத்துக்குக் கொடுப்பது பெரிய மாற்றம். நாளை திரும்பிப் போய்விடுவோம் என்று நினைப்பவர் நூலகத்துக்குப் பணம் கொடுக்கமாட்டார்.

பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்

1957ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம், இங்கே நீண்டகாலம் வசித்தவர்கள் விசுவாச உறுதிமொழி எடுத்துக்கொண்டு குடிமக்களாக வழிவகுத்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,450,000. அவர்களில் இந்தியர்கள் 124,000 பேர். பத்து ஆண்டுகளுக்கு முன் 69,000 பேராக இருந்த சமூகம் அது. எண்ணிக்கையில் சிறிய சமூகம் வாக்குரிமையும் இல்லாமல் இருந்தால், அதன் பேச்சைக் கேட்க யாருக்கும் அவசியம் இருக்காது.

சாரங்கபாணி இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார். முரசின் பக்கங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் குடியுரிமையின் பயனை எடுத்துச் சொன்னார். இந்தியக் குடியுரிமையை விடுவது தாய்க்குத் துரோகம் என்று சிலர் நினைத்தார்கள். பதிந்துவிட்டால் ஊரில் உள்ள நிலத்துக்கும் உறவுக்கும் என்ன ஆகுமோ என்று சிலர் அஞ்சினார்கள். படிவம், சான்று, அதிகாரி என்றாலே ஒதுங்கியவர்களும் உண்டு. அந்தத் தயக்கங்களை நீக்குவதே அவருடைய வேலையாக இருந்தது.

மொழியுரிமைக்கான கோரிக்கையும் இதோடு சேர்ந்தே நடந்தது. 1956ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிவழிக் கல்விக்கும் சமமான இடத்தை ஏற்றது. 1965இல் தனி நாடானபோது அந்த நான்கும் சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகளாகச் சட்டத்தில் இடம்பெற்றன. இதில் பலருடைய உழைப்பும் அரசியல் தலைவர்களின் முடிவும் அடங்கியிருந்தன. ஆயினும், தமிழர்கள் இந்நாட்டின் நிலையான பகுதி என்று எடுத்துக்காட்டாமல் தமிழுக்கு அந்த இடத்தைக் கேட்டிருக்க முடியாது. விருந்தினரின் மொழியை எந்த நாடும் அதிகாரத்துவ மொழியாக்குவதில்லை.

கசப்பான ஆண்டுகள்

அவருடைய வாழ்க்கையில் சோதனைகளும் இருந்தன. நாளிதழ் நடத்துவது எப்போதும் பணக்கஷ்டத்தோடுதான் நடந்தது. 1963இல் முரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நாளிதழ் ஏறத்தாழ ஓராண்டு வெளிவரவில்லை. தொழிலாளர் உரிமைக்காக எழுதிய ஏட்டிலேயே தொழிலாளர்கள் வெளியேறி நின்றது அவருக்கும் அவர்களுக்கும் வேதனையான அனுபவம். 1964இல் முரசு மீண்டும் வெளிவந்தது. ஆனால் பழைய வலிமையைப் பெறுவது எளிதாக இல்லை.

1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. கடற்பாலத்தின் இரு பக்கமும் ஒரே சமூகமாக வாழ்ந்தவர்களுக்கிடையே கடப்பிதழ் வந்தது. அண்ணன் ஜோகூரில், தம்பி சிங்கப்பூரில் என்றிருந்த குடும்பங்கள் இரண்டு நாட்டுக் குடும்பங்களாயின. ஒரு மலாயாத் தமிழ்ச் சமூகத்துக்காக எழுதிவந்த ஏட்டின் வாசகர் வட்டமும் இரண்டாகப் பிளந்தது.

குடியுரிமை எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் எல்லாருக்கும் புரிந்தது. மலேசியாவில் 1960களின் இறுதியில் குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற விதி வந்தது. பல்லாண்டு தோட்டத்தில் உழைத்த தமிழர்கள் பலர் அனுமதி கிடைக்காமல் கப்பலேற வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படைகள் 1971க்குள் வெளியேறும் என்று 1968இல் அறிவிக்கப்பட்டதை அடுத்து, ராணுவத் தளங்களில் வேலைபார்த்த இந்தியர்கள் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினர். குடியுரிமை இல்லாமல் காத்திருந்தவருக்கும், குடிமக்களுக்குரிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தவருக்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானித்தது. பதிந்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள் அதன் பொருளை அப்போது உணர்ந்தார்கள்.

அவர் விட்டுச் சென்றவை

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, தம் 70ஆம் வயதில் சாரங்கபாணி காலமானார். தமிழவேள் என்ற பட்டம் அவருடைய பெயரோடு நிலைத்துவிட்டது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் வழங்கும் தமிழவேள் விருது அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவர் தொடங்கிய நாளிதழ் இன்றும் வெளிவருகிறது.

அவர் விரும்பிய எல்லாமும் நிலைக்கவில்லை. தமிழ்ப் பள்ளிகள் சிங்கப்பூரில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. தமிழ் இன்று இங்கே தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. வீட்டில் பேசும் மொழியாக அது தொடருமா என்ற கவலை பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் உண்டு. அண்மைய பத்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து புதிதாக வந்த குடும்பங்களும் பல தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்களும் ஒரே வகுப்பறையில் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. யார் உள்ளூர்க்காரர், யார் வந்தவர் என்ற பேச்சு அவ்வப்போது எழத்தான் செய்கிறது.

அந்தப் பேச்சு எழும்போது சாரங்கபாணியும் வந்தவர்தான் என்பதை நினைத்துப் பார்க்கலாம். 21 வயதில் கணக்கெழுத வந்தவர் 50 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே மணமுடித்து, இங்கேயே மறைந்தார். அவரை இந்த மண்ணுக்கு உரியவராக்கியது பிறப்பிடம் அல்ல. பள்ளி, நூலகம், திருநாள், செய்தித்தாள் என இங்கே அவர் பாடுபட்டு உருவாக்கியவையும் காத்தவையும்தான்.